உடைந்த கண்ணாடியைக் காட்டச் சொல்கிறீர்கள்

வாகனக் காப்புறுதி நிறுவனத்தாருக்கும், ஜப்பானிலிருந்து கார் இறக்கி விற்பவர்களுக்கும்,

கதவிலோ கண்ணாடியிலோ பலவந்தமாகத் திறந்த அடையாளம் இல்லை. வாகனத்தின் இரண்டாவது திறப்பு ஒப்படைக்கப்படவில்லை. ஆகவே கோரிக்கையை ஏற்பதற்கில்லை. களவு போன காருக்குக் காப்புறுதிப் பணம் கேட்ட என் மருமகனுக்குப் போன மாதம் வந்த கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். சாரம் என்று சொல்வதற்குக் காரணம், கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் நிரப்பிக் கொடுத்த படிவத்துக்கு ஏன் ஆங்கிலத்தில் பதில் என்பது தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நிறுவனத்தின் பெயரையோ, காரை விற்ற இடத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கைபிடியைத் தொட்டால் திறக்கும் கார்களை விற்கிறவர்கள், அவற்றுக்குக் காப்புறுதி கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் ரேடியோ, டிவி, அம்பிளிபயர் திருத்துகிறவன். 31 வருடமாக அதுதான் சோறு போடுகிறது. அலைவரிசை பற்றிக் கொஞ்சம் தெரியும். காப்புறுதி பற்றி இந்த மூன்று மாதத்தில்தான் படித்தேன்.

மருமகனின் வீடு உவர்மலையில், ஒரு ஒழுங்கையின் கடைசியில். வளவு சிறியது. கேற்றைத் திறந்தால் போர்ட்டிக்கோ, போர்ட்டிக்கோவைத் தாண்டினால் முன்கதவு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நாட்காட்டி மாட்டிய ஆணி, அதற்குக் கீழே இன்னொரு ஆணி. அந்தக் கீழ் ஆணியில்தான் கார்த் திறப்புத் தொங்கும். பக்கத்தில் விபூதிக் கிண்ணம். வெளியே போகிறவர் விபூதி பூசிக்கொண்டு திறப்பை எடுத்துக்கொண்டு போகலாம். நம் ஊரில் எத்தனை வீட்டில் இதே ஏற்பாடு இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நாடா வைத்து அளந்தேன்: ஆணியிலிருந்து காரின் முன்கதவுக் கைபிடிக்கு 2 மீற்றர் 10 சென்ரிமீற்றர். நடுவில் ஒரு கல் சுவர்.

அன்று அதிகாலை 2.47க்கு இரண்டு பேர் வருகிறார்கள். எதிர்வீட்டுக் கமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒருவன் நெஞ்சோடு ஒரு தட்டையான பையை அணைத்துக்கொண்டு முன்கதவுப் பக்கம் போகிறான். வெள்ளையடிக்கப் போகிறவன் சுவரைத் தடவிப் பார்ப்பது போல, பையைச் சுவரோடு சுவராக மெல்ல நகர்த்துகிறான். மற்றவன் காருக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறான். பை ஆணிக்கு நேரே வந்ததும் காரின் விளக்கு இரண்டு தரம் சிமிட்டுகிறது. மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காது விரிப்பது போல விரிகின்றன. கார் பின்னோக்கி வருகிறது. ஹைபிரிட் என்பதால் பேச்சு மூச்சில்லை. ஒழுங்கை சரிவு வேறு. அவன் பையோடு கேற்றுக்குள் வந்த நேரத்திலிருந்து கார் படத்தை விட்டுப் போகும் வரை 50 விநாடி. எதிர்வீட்டு நாய் கார் போன பிறகுதான் எழும்பிக் குரைக்கிறது.

ஸ்டார்ட் செய்ததும் அந்தக் காருக்குள் ஒரு ஜப்பான் பெண்மணி ஏதோ மரியாதையாகச் சொல்லுவார். என்ன சொல்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அவனுக்கும் அதே மரியாதையோடு சொல்லியிருப்பார்.

விடிந்ததும் மருமகன் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, நான் பூட்டினனான். கண்ணாடி மடங்கினதைப் பார்த்திட்டுத்தான் உள்ளே வந்தனான்." பேத்தி கேட்டது காருக்குள் கிடந்த தன் பள்ளிக்கூடச் சப்பாத்தை. முறைப்பாடு எடுத்த பொலிஸ் அலுவலரும் முதலில் பூட்ட மறந்தீர்களா என்றுதான் கேட்டார். கமராப் பதிவைக் காட்டினோம். இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கந்தளாய்க்கு அப்பால், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் பாதையில் கார் கிடைத்தது. ஹைபிரிட் பற்றரி இல்லை. இரண்டு ஹெட்லைட்டும் இல்லை. பக்கக் கண்ணாடிகளும் இல்லை. பின் ஆசனம் கழற்றி வெளியே போடப்பட்டிருந்தது. கதவுக்கும் பூட்டுக்கும் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கீறல் இல்லாததைத்தான் நீங்கள் எங்களுக்கு எதிராக எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் பரிசோதகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜேர்மன் வானொலி பல வருடம் நம் திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையம் நடத்தியது, பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. ரிலே ஸ்டேஷன் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எங்கேயோ பேசியதை இங்கே வாங்கிப் பலப்படுத்தி ஆசியா முழுக்க விடுவார்கள். பேசுகிற ஆள் அடுத்த அறையில் இருப்பது போலக் கேட்கும். அதற்கு அந்த நிலையத்தின் இயந்திரத்துக்கு ஜேர்மன் மொழி தெரிய வேண்டிய அவசியமில்லை. வந்ததை வந்தபடி தாண்டி விட்டால் போதும்.

பைக்காரன் செய்ததும் அதே அஞ்சல் வேலைதான். கைபிடியைத் தொட்டதும் கார் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் "திறப்பு பக்கத்தில் இருக்கிறதா" என்று கேட்கும். பழைய ரேடியோவின் மத்திய அலை 531 கிலோஹேர்ட்ஸில் தொடங்கும். கார் கேட்பது அதற்கும் எவ்வளவோ கீழே, 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அளவில். அந்தக் குரல் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றருக்கு மேல் போகாது. அந்தக் குறுகிய தூரத்தைத்தான் கார் செய்தவர்கள் பாதுகாப்பு என்று நம்பினார்கள். குரல் கேட்டால் திறப்பு தன் இரகசியக் குறியைப் பதிலாக அனுப்பும். அது 300 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை, பல மீற்றர் தானாகவே போகும். ஆகவே காரின் மெல்லிய குரலைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பலமாகச் சொன்னால் வேலை முடிந்தது. ஆணியில் தொங்கும் திறப்பு, கார் பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்துப் பதில் சொல்லிவிடும். குறியை யாரும் உடைக்கவில்லை, திருடவும் இல்லை. உண்மையான திறப்பு உண்மையான பதிலைத்தான் சொல்கிறது. பிறகு எந்தக் கதவில் கீறல் விழும்? ஓடத் தொடங்கிய காரும், திறப்பு தூரப் போய்விட்டது என்பதற்காக நடு வீதியில் நிற்காது. அப்படி நின்றால் ஆபத்து என்பதால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எச்சரிக்கைச் சத்தம் மட்டும் போடும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, கருவியை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதும் இல்லை. 2011 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாதிரிக் கார்களை எடுத்து இதைச் செய்து காட்டினார்கள். பத்தும் திறந்தன, பத்தும் ஸ்டார்ட் ஆகின. ஜேர்மனியின் வாகன ஓட்டுநர் கழகமான அடாக் அதற்குப் பிறகு பல நூறு கார்களைச் சோதித்தது. தாக்குப்பிடித்தவை மிகச் சில. 2019 இல் பிரித்தானியாவில் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் தாட்சம் ஆய்வு நிலையம் 11 புதிய கார்களுக்குப் புள்ளி போட்டபோது 6 கார்களுக்கு "மோசம்" என்று எழுதியது. உங்கள் தொழிலைச் செய்கிறவர்களே அங்கே அப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2025 இல் அந்த நாட்டு அரசாங்கம், இப்படியான கருவியை வைத்திருந்தாலே 5 வருடம் வரை சிறை என்று சட்டமூலம் கொண்டுவந்தது. 2011 இலிருந்து உலகம் பேசுகிற விஷயம் உங்கள் கோரிக்கைப் படிவத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது திறப்புக்கு வருவோம். எங்களிடம் அது எப்போதும் இருந்ததில்லை. கார் வாங்கிய அன்று மருமகனோடு நானும் போயிருந்தேன். மற்றத் திறப்பு எங்கே என்று கேட்டதற்கு, "ஜப்பானிலிருந்து ஒன்றுதான் ஐயா வரும், இது ஏலத்தில் எடுத்த வாகனம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சரி, வந்தது ஒன்று. காரின் மூளையில் பதிந்து கிடப்பது எத்தனை? இரண்டா, மூன்றா? கம்பியூட்டரைக் கொளுவிப் பார்த்தால் தெரிந்துவிடும், கையில் இல்லாத திறப்புகளை அழித்தும் விடலாம். அதை அவர்கள் செய்யவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ கார்களின் இரண்டாவது திறப்பு யார் வீட்டு லாச்சியில் கிடக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. காப்புறுதிக்காரரும் படிவத்தில் எத்தனை திறப்பு என்று கேட்கவில்லை. மூன்று வருடம் கட்டுப்பணம் வாங்கும்போது வராத கேள்வி, பணம் கொடுக்க வேண்டிய நாளில் வருகிறது.

இன்னொரு திறப்புச் செய்ய விசாரித்தோம். கொழும்புக்குக் காரோடு வரச் சொன்னார்கள், 40,000 ரூபாவுக்கு மேல் என்றார்கள். புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்கள் திறப்பைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கிவிட்டு, உப்புத் தண்ணீரில் ஊறிய அந்தக் கறுப்புத் துண்டை என் கடைக்குக் கொண்டுவந்து "அண்ணை, இதைக் காயவைச்சுத் தாங்கோ" என்பார்கள். கரையில் வைத்துவிட்டுப் போகவும் பயம், கொண்டுபோகவும் வழியில்லை. அந்தக் கறுப்புத் துண்டுக்குள்ளேயே ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கிறது என்பதுகூடப் பலருக்கு நான் காட்டித்தான் தெரிந்தது. விற்றவர்கள் அதையும் சொல்வதில்லை.

விற்பவர்களிடம் எனக்கு மிகவும் கோபம் வந்தது வேறொரு இடத்தில். கார் போன பிறகு இரவிரவாக இணையத்தில் தேடினேன். டொயோட்டாவின் ஸ்மார்ட் கீ பலவற்றைத் தூங்க வைக்கலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்த வேண்டும். திறப்பில் இருக்கும் சின்ன விளக்கு நான்கு தரம் சிமிட்டும். அதற்குப் பிறகு கார் எவ்வளவு கேட்டாலும் திறப்பு பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். பற்றரியை மிச்சம் பிடிக்க வைத்த வசதிதான், ஆனால் பைக்காரனுக்கும் அதுவே பூட்டு.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு டொயோட்டா இருக்கிறது. அவருடைய திறப்பை வாங்கி யன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வெளியே போய்க் கைபிடியைத் தொட்டேன். திறந்தது. கார் யன்னலுக்குக் கிட்ட நின்றதால் கள்ளனின் கருவிகூடத் தேவைப்படவில்லை. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பொத்தான் வித்தையைச் செய்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி போய்த் தொட்டேன், கதவு அசையவில்லை. அலுமினியத் தாளில் ஒரு சுற்றுச் சுற்றியபோது ஒரு தரம் திறந்தது, ஒரு தரம் திறக்கவில்லை. மூடி இறுகிய பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டபோது ஒரு தரமும் திறக்கவில்லை. "இதைக் கார் தந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார் அக்கா. அரை நிமிட வேலை. இருக்கையின் பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல மட்டும் உங்களுக்கு நேரம் இருந்தது.

கையேடு ஜப்பான் மொழியில். திரையும் ஜப்பான் மொழியில். வாங்குகிறவர் எதை வாசித்துத் தெரிந்துகொள்வது?

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். டின்னுக்குள் திறப்பைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடாது. 2022 இல் லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4 காரையே கொண்டுபோனார்கள். அவர் ஆராய்ந்து பார்த்தபோது, பம்பரை இழுத்து, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரில் கருவியைக் கொளுவி, "திறப்பு சரி" என்று காரின் மூளைக்கு நேரே பொய் சொல்லும் முறை ஒன்று வெளிவந்தது. அதில் திறப்பு எங்கே இருந்தது என்பதற்கு வேலையே இல்லை. ஆகவே திறப்பைக் கவனமாக வைக்கவில்லை என்று நாளைக்கு ஒரு புதுக் காரணம் எழுத நினைக்காதீர்கள். மருமகன் இப்போது ஸ்டியறிங்குக்குக் குறுக்கே மஞ்சள் இரும்புப் பூட்டுப் போடுகிறார். பழைய மொறிஸ் மைனர் காலத்து யோசனைதான். அதை அறுக்க நேரம் எடுக்கும், சத்தமும் வரும், நாயும் நேரத்துக்கு எழும்பும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு நம் வீதிகளுக்குப் புதுக் கார்கள் வருகின்றன. கொடுக்கிற வரியும் விலையும் எல்லோருக்கும் தெரியும், வாழ்நாள் சேமிப்பு. இவற்றில் சிலவற்றின் திறப்பு அசையாமல் கிடந்தால் தானாகத் தூங்கிவிடும். சில கார்கள் யூ.டபிள்யூ.பி. என்ற மீயகலப்பட்டை அலையால், திறப்பு உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்த பிறகே திறக்கும். அப்படியானவற்றை ஏமாற்றுவது மிகவும் கடினம். மற்றவை பழைய மாதிரியேதான். எது எந்த வகை என்று ஷோரூமில் கேட்டால் தெரிய வேண்டும். நான் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் நிறத்தைப் பற்றிச் சொன்னார், மற்றவர் லீசிங் பற்றிச் சொன்னார்.

ஆகவே நான் கேட்பவை இவை.

காப்புறுதி நிறுவனத்தாரே, தொட்டால் திறக்கும் கார் களவு போனால் உடைந்த அடையாளம் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கமராப் பதிவையும் பொலிஸ் முறைப்பாட்டையும் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசோதகர் டோர்ச்சோடு மட்டும் வராமல், காரின் கம்பியூட்டரில் எத்தனை திறப்பு பதிந்திருக்கிறது என்று வாசித்து அறிக்கையில் எழுதட்டும். திறப்பின் எண்ணிக்கையைக் காப்புறுதி தொடங்கும் நாளிலேயே படிவத்தில் கேளுங்கள். அன்று கேட்காவிட்டால் பிறகும் கேட்காதீர்கள். ஸ்டியறிங் பூட்டோ, கார் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க ஒளித்து வைத்த சுவிட்சோ போடுகிறவருக்குக் கட்டுப்பணத்தில் கொஞ்சம் குறைத்தால் பாதி ஊர் போட்டுவிடும். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் அனுப்புங்கள்.

விற்பனையாளர்களே, கார் கைமாறும் முன்பு பதிந்திருக்கும் திறப்புகளை வாடிக்கையாளரின் கண்முன்னே எண்ணிக் காட்டுங்கள். கையில் கொடுக்காதவற்றை அழித்துவிட்டு அதை விற்பனைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஸ்மார்ட் கீயை எப்படித் தூங்க வைப்பது, தொட்டால் திறக்கும் வசதியையே நிறுத்த முடியுமா, இரும்புத் திறப்பு எங்கே இருக்கிறது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சடித்துத் திறப்போடு கொடுங்கள். புதுக் கார் இறக்குகிறவர்கள் அதன் திறப்பு எந்த வகை என்பதை விலைப் பட்டியலிலேயே போடுங்கள்.

மருமகனின் கோரிக்கையை ஏற்க மறுத்த நிறுவனத்துக்குத் தனியாக: அதை மறுபடி எடுத்துப் பார்த்து, இந்த மடல் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமும், அதற்குப் பிறகு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போவோம். கடிதங்கள் எழுதி வைத்தாயிற்று, திகதி மட்டும் போடவில்லை.

கமராப் பதிவின் பிரதி கடையில் என்னிடம் இருக்கிறது. உங்கள் பரிசோதகர் எந்த நாளும் வந்து பார்க்கலாம். ஞாயிறு பின்னேரம் மட்டும் கடை பூட்டு.

இப்படிக்கு,
ரேடியோ திருத்துகிறவன்,
உப்புவெளி, திருகோணமலை.